ஒரே ப்ளக், ஒரே எர்த்: வீட்டில் கிட்டார் ரேக்குக்குக் கரண்ட் கொடுக்கும் முறை

வயர்லெஸ் ரிசீவர், ப்ரீஆம்ப் (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்குவது), எஃபெக்ட்ஸ் ப்ராசசர், பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுவது) என்று நாலைந்து பெட்டிகளை ஒரு ரேக்கில் மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டதும் முதலில் காதில் விழுவது கிட்டார் அல்ல, "உம்ம்ம்" என்ற இரைச்சல். நம்ம ஊர் கரண்டே அழுக்கு என்று முடிவு கட்டிப் பலர் விலை உயர்ந்த பவர் கண்டிஷனர் ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். பணம் போகும், உம் போகாது. அந்தச் சத்தத்தின் வேர் பெரும்பாலும் மின்வாரியக் கம்பியில் இல்லை. ரேக்குக்குள் எர்த் எத்தனை வழியில் சுற்றி வருகிறது என்பதில்தான் இருக்கிறது. அதனால் ப்ளக் பாயிண்டைச் சோதிப்பது முதல் வேலை. பிறகு எல்லாப் பெட்டிக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட், அதன் பிறகு எர்த் லூப், அதாவது எர்த் ஒயரும் ஆடியோ கேபிளும் சேர்ந்து உண்டாக்கும் வளையம். ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் எல்லாம் கடைசியில்.

இங்கே சொல்லும் அளவுகள் தமிழ்நாட்டு வீட்டு ஒயரிங்கை மனதில் வைத்தவை: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 6 ஆம்ப் மற்றும் 16 ஆம்ப் மூன்று பின் சாக்கெட்டுகள், வீட்டுக்கென்று தனி எர்த் குழி.

முதலில் காது

50 ஹெர்ட்ஸ் ஊரில் ஹம்மின், அதாவது அந்த உம் சத்தத்தின், அடிநாதம் 50 ஹெர்ட்ஸாகவோ அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸாகவோ இருக்கும். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் ஆறாவது கம்பியின் 3ஆவது ஃப்ரெட்டில் ஒலிக்கும் ஜி 98 ஹெர்ட்ஸ். அதை மெதுவாக மீட்டி, ரேக்கின் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஜி-க்குக் கொஞ்சம் மேலே ஒட்டி நின்று கரகரத்தால் 100 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஆக்டேவ் கீழே, உருண்டையாக உறுமினால் 50 ஹெர்ட்ஸ்.

50 உறுமல் என்றால் எர்த் லூப், அல்லது ஒரு டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் ப்ரீஆம்ப் மீதோ கேபிள் மீதோ படுகிறது. 100 கரகரப்பு என்றால் லைட் டிம்மர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பின் டிரைவர், இல்லையென்றால் ஆம்புக்குள் வயதாகிப்போன ஃபில்டர் கெப்பாசிட்டர். "கீய்" என்ற மெல்லிய விசில் டிஜிட்டல் பெட்டியும் அனலாக் பெட்டியும் ஒரே அடாப்டரைப் பங்கு போடுவதால் வருவது. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது "டப்" என்றால் அது மோட்டார் ஸ்விட்சின் பொறி. வெறும் "ஸ்ஸ்ஸ்" மட்டும் கேட்டால் அது கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு). கரண்டைக் குறை சொல்ல வேண்டாம், கெய்னைக் குறைத்தால் போதும்.

இன்னொரு சோதனையையும் இப்போதே செய்துவிடுங்கள். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காயில்) வழியாக வருகிறது. சிங்கிள் காயில் பிக்கப் மானிட்டர், டியூப்லைட் சோக், அடாப்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் காற்றிலேயே பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்த இடத்திலேயே நாற்காலியைத் திருப்பினால் ஹம் கூடிக் குறையும். அதற்கு மருந்து இடம் மாறி உட்காருவது, ஹம்பக்கர் (ஹம்மை ரத்து செய்யும் இரட்டைக் காயில் பிக்கப்), நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் சத்தத்தை மூடும் பெட்டி). ரேக்கின் பவர் ஒயரிங்கில் என்ன செய்தாலும் அது போகாது. வால்யூம் பூஜ்யத்திலும் சத்தம் நிற்காமல் தொடர்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ப்ளக் பாயிண்ட்

நல்ல மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். மேலே கேட் 3 (வீட்டு மெயின் ஒயரிங்கை அளக்கப் பாதுகாப்பான தரம்) என்று அச்சிட்டதாக இருக்கட்டும். ஏசி வோல்ட்டில் வைத்து, சாக்கெட்டை நேருக்கு நேர் பாருங்கள். மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரல்–எர்த் 1 முதல் 3 வோல்ட். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்கள். பெட்டிகளுக்குள் ஃபியூஸும் ஸ்விட்சும் பல சமயம் ஒரே கம்பியில்தான் இருக்கும். அது ஃபேஸாக இல்லாவிட்டால் ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே 230 வோல்ட் காத்திருக்கும்.

நியூட்ரல்–எர்த் 5 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ நியூட்ரல் லூஸாக இருக்கிறது, அல்லது எர்த் குழி காய்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில் கரியும் உப்பும் போட்ட பழைய குழிகள் வறண்டு போவது சகஜம். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

ஐயப்பட வேண்டிய அளவு இன்னொன்று உண்டு. அதே ஒயரில் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டும் நியூட்ரல்–எர்த் அசையாமல் 0.0 காட்டுகிறதா? சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருக்க வாய்ப்பு அதிகம். எர்த் கம்பி இழுக்காத பழைய வீடுகளில் இப்படிச் செய்துவிட்டுப் போகிறார்கள். வழியில் நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால் ரேக்கின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறும். ரேக்கின் உடல், கேபிளின் ஷீல்ட் (உள்ளே சுற்றியிருக்கும் உலோக உறை), கிட்டாரின் பிரிட்ஜ், கம்பிகள் எல்லாம் ஒரே தொடர். உங்கள் விரல் இருக்கும் இடம் அந்தத் தொடரின் கடைசி. இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

மல்டிமீட்டர் நல்ல அளவு காட்டுவதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது. மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. அதனால் துருப்பிடித்து நூறு ஓம் ஆகிவிட்ட எர்த்தும் மீட்டரில் 230 காட்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் டெஸ்டரால் ஓம் கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் அதே நாளில் போட்டுவிடுங்கள். கையில் கிட்டாரோடு மைக்கில் பாடுகிறவர்களுக்கு அது உயிர்க்காப்பு.

இன்னொரு சிக்கல்: வெளிநாட்டில் வாங்கிய பெட்டிகளோடு ஐரோப்பிய இரண்டு பின் உருண்டை ப்ளக் வரும். அதன் எர்த், பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. நம் யுனிவர்சல் சாக்கெட்டில் அது அழகாக நுழையும், பெட்டியும் ஓடும், ஆனால் எர்த் எதையும் தொடாது. அந்தக் கார்டைத் தூக்கி வைத்துவிட்டு, நம் ஊர் மூன்று பின் ப்ளக் ஒன்றாகச் சேர்த்து வார்த்த சி13 கார்டு (கம்ப்யூட்டருக்கு வரும் வகை) வாங்குங்கள். பிறகு ப்ளக்கை வெளியே எடுத்து, மீட்டரை ஓமில் வைத்து, எர்த் பின்னையும் பெட்டியின் பெயிண்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவையும் தொடுங்கள். 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். மீட்டரின் ஒயர்களே அதில் 0.2, 0.3 எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு கரண்ட்?

பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு மாதிரிக் கணக்கு: வயர்லெஸ் ரிசீவர் 5 வாட், டியூப் ப்ரீஆம்ப் 35, எஃபெக்ட்ஸ் ப்ராசசர் 30, ஸ்விட்சர் 10, நாலு இஎல்34 டியூப் போட்ட 50+50 வாட் ஸ்டீரியோ டியூப் பவர் ஆம்ப் முழு வேகத்தில் 300 வரை. மொத்தம் 380 வாட். 230 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்ப். 6 ஆம்ப் சாக்கெட் 1,380 விஏ (வோல்ட் பெருக்கல் ஆம்ப்) தாங்கும், அதனால் ஒரே பாயிண்ட் தாராளம். ஏசிக்காகப் போட்ட 16 ஆம்ப் பாயிண்டைத் தேடி ஓட வேண்டாம். பெட்டிகளை இரண்டு பாயிண்டில் பிரித்துப் போட்டால் லோட் பகிரும் என்ற நினைப்புதான் பாதி ஹம்முக்குக் காரணம். மூன்று ஃபேஸ் வீட்டில் அந்த இரண்டு பாயிண்டும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் இரண்டு பெட்டிகளுக்கு இடையே 400 வோல்ட் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொல்லை வருவது ஸ்விட்ச் போடும் அந்த நொடியில். பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் முதல் அரைச் சுற்றில் பல மடங்கு கரண்டை இழுக்கும். பி-கர்வ் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) தன் அளவின் 3 முதல் 5 மடங்கில் ட்ரிப் ஆகும். சி-கர்வ் 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். ரேக்கை ஆன் செய்யும்போதெல்லாம் எம்சிபி விழுகிறது, ஆனால் இரண்டாம் முறை விழாமல் இருக்கிறது என்றால் 6 ஆம்ப் பி-யை எடுத்துவிட்டு 6 ஆம்ப் சி போடச் சொல்லுங்கள். 16 ஆம்ப் எம்சிபி போட்டுச் சமாளிக்காதீர்கள். உள்ளே ஓடுவது 1.5 சதுர மி.மீ. ஒயராக இருந்தால் ஓவர்லோடில் அந்த ஒயருக்குப் பாதுகாப்பு போய்விடும்.

கண்டிஷனர் செய்வதும் செய்யாததும்

சுவரிலிருந்து ரேக்குக்கு ஒரே ஒரு கார்டு: 1.5 சதுர மி.மீ., மூன்று கோர், தேவையான நீளம் மட்டும். ரேக்கில் 1யூ (44.45 மி.மீ.) உயரமுள்ள ஒரு விநியோகப் பெட்டி. மற்ற எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். லேப்டாப் சார்ஜர், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்டுடியோ மானிட்டர் உட்பட. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.

கண்டிஷனர் என்று விற்கும் பெட்டிக்குள் பொதுவாக மூன்று விஷயங்கள் இருக்கும்: சாக்கெட் வரிசை, சர்ஜ் (கணநேர வோல்டேஜ் உச்சம்) தாங்கும் எம்ஓவி, உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டும் இஎம்ஐ ஃபில்டர். மின்னல் எங்கோ விழுந்து கம்பியில் ஏறும் உச்சத்தை எம்ஓவி வாங்கிக்கொள்ளும். ஸ்விட்சிங் அடாப்டர்களின் குப்பையை ஃபில்டர் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் ஹம்மை இந்த ஃபில்டர் தொடவே தொடாது, தொடவும் முடியாது. அது சப்ளையின் அதிர்வெண்ணேதான். வோல்டேஜையும் இது சரிசெய்யாது. முகப்பில் வோல்ட் மீட்டர் இருப்பதால் ரெகுலேட்டர் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது 230 வோல்ட் மாடலா என்பதுதான். ஃபர்மன் பெட்டிகளில் 230 வோல்ட் வகைக்குப் பெயரின் கடைசியில் ஆங்கில "ஈ" எழுத்து வரும். அமெரிக்க 120 வோல்ட் கண்டிஷனரின் எம்ஓவி 230-ஐப் பார்த்த கணமே கருகும். பட்ஜெட் இல்லையென்றால் உலோக உடல் கொண்ட ரேக் பவர் ஸ்ட்ரிப் ஒன்று போதும். அதற்குள் ஃபேஸ்–நியூட்ரல் குறுக்கே 20டி431 என்ற எண்ணுள்ள எம்ஓவியை வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, முன்னால் ஒரு ஃபியூஸோடு போட்டுக்கொள்ளலாம். அது 275 வோல்ட் ஏசி வரை சும்மா இருக்கும் வகை. சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும். எம்ஓவி ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பழைய கண்டிஷனரில் காப்பு விளக்கு அணைந்திருந்தால் அது இப்போது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

இஎம்ஐ ஃபில்டர் உள்ள பெட்டிகள் ஒவ்வொன்றும் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். எட்டுப் பத்துப் பெட்டிகள் சேர்ந்தால் அது சில மில்லி ஆம்ப் ஆகும். ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் இடையிலேயே விழலாம். ரேக்கோடு வாஷிங் மெஷினும் ஓடும்போது மட்டும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் முதலில் இந்தக் கூட்டலைச் சந்தேகப்படுங்கள்.

ரேக்கில் எங்கே எது

பவர் ஆம்ப் அடியில். அதன் மேல் ஒரு யூ காலி. ப்ரீஆம்பும் வயர்லெஸ் ரிசீவரும் உச்சியில். கனம் கீழே இருப்பது தூக்குவதற்கு நல்லது. ஆனால் முக்கியக் காரணம் பவர் ஆம்பின் டிரான்ஸ்பார்மர் ப்ரீஆம்பின் இன்புட்டிலிருந்து எட்டி இருக்க வேண்டும் என்பது. போல்ட் போடுவதற்கு முன்னால் பெட்டிகளை மேசையில் வைத்து ஓடவிட்டு, ப்ரீஆம்பை மட்டும் கையில் பிடித்து, பவர் ஆம்புக்கு மேலே இடமும் வலமுமாக நகர்த்திப் பாருங்கள். ஹம் எழுந்து அடங்கும் இடங்கள் தெளிவாகக் கேட்கும். சில சமயம் நான்கு விரல் அகலம் நகர்த்தினாலே பாதி ஹம் போய்விடும்.

பின்பக்கத்தில் பவர் கார்டுகள் ஒரு ஓரம், ஆடியோ கேபிள்கள் மறு ஓரம். சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போலக் குறுக்கே போகட்டும். 60 செ.மீ. சி13 கார்டுகள் வாங்கினால் சுருட்டி வைக்க மீதியே இருக்காது.

எர்த் லூப்

இரண்டு பெட்டிகள். இரண்டுக்கும் அவற்றின் பவர் கார்டு வழியாக எர்த் இருக்கிறது. இரண்டையும் ஓர் ஆடியோ கேபிள் இணைக்கிறது. அதன் ஷீல்டும் இரண்டு உடல்களையும் இணைக்கிறது. வளையம் மூடிவிட்டது. அறையில் ஓடும் ஒயர்களும் டிரான்ஸ்பார்மர்களும் அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஓட்டும். அது ஷீல்டில் ஓடும்போது உண்டாகும் சில மைக்ரோவோல்ட், கிட்டார் கேபிளில் ஷீல்டே சிக்னலின் திரும்பு வழி என்பதால், இசையோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த பெட்டியில் 60 டெசிபல் கெய்ன் இருந்தால் ஆயிரம் மடங்கு. ரேக்கின் இரும்புச் சட்டம் அதே உடல்களை மூன்றாவது வழியாகவும் இணைக்கிறது.

வளையத்தைச் சின்னதாக்குவதற்காகத்தான் ஒரே ப்ளக், ஒரே விநியோகப் பெட்டி என்று இவ்வளவு சொன்னோம். அதைச் செய்தும் மிச்சமிருக்கும் ஹம்மை இப்படித் தேடுங்கள்.

பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டும் ஓடட்டும். இன்புட்டில், முனையும் உடலும் உள்ளே சேர்த்துப் பற்றவைத்த ஒரு ஷார்ட்டிங் ஜாக்கைச் சொருகுங்கள். இங்கேயே ஹம் என்றால் கோளாறு ஆம்புக்குள்: பயாஸ், கெப்பாசிட்டர், பொருந்தாத டியூப் ஜோடி. அமைதியாக இருந்தால் அதற்கு முந்தின பெட்டியைச் சேருங்கள். பிறகு அதற்கும் முந்தியது. சிக்னல் ஓடும் திசைக்கு எதிர்த் திசையில், ஒரு தடவைக்கு ஒரு பெட்டி. அவசரத்தில் இரண்டைச் சேர்த்துவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

ஹம் நுழைந்த பெட்டி தெரிந்ததும் அதன் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, சட்டத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கனத்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். அட்டைப்பெட்டியில் கிழித்தது போதும். ஹம் அடங்கினால் சட்டம்தான் வழி. நைலான் தோள்பட்டை வாஷர் போட்டு ஸ்க்ரூவைத் தனிப்படுத்தலாம். ஹம்ஃப்ரீஸ் என்ற பெயரில் ரேக் காதுகளுக்கென்றே பிளாஸ்டிக் பட்டைகளும் விற்கிறார்கள். பெட்டியின் எர்த் பவர் கார்டு வழியாக அப்படியே இருக்கும், அதனால் இதில் ஆபத்தில்லை. இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய பலன் தரும் வேலை ரேக்கில் வேறு இல்லை.

அட்டைக்கு அசையவில்லை என்றால் அந்த இடத்து ஆடியோ கேபிளில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். லைன் லெவலில், எஃபெக்ட்ஸ் லூப்பின் (ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே எஃபெக்ட்ஸை நுழைக்கும் வழி) சென்ட், ரிட்டர்ன் பாதைகளில் இது நன்றாக வேலை செய்யும். நான்கு கேபிள் முறையில் (எஃபெக்ட்ஸை ப்ரீஆம்புக்கு முன்னும் பின்னும் பிரித்துப் போடுவது) இணைத்தவர்களுக்கு இது இல்லாமல் பெரும்பாலும் முடியாது. கிட்டாருக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் மட்டும் போடாதீர்கள்: பிக்கப் எதிர்பார்ப்பது 1 மெகா ஓம் போன்ற உயர் இன்புட், லைன் டிரான்ஸ்பார்மர் அதை அமுக்கி ட்ரெபிளைச் சாப்பிட்டுவிடும். பேலன்ஸ்டு கேபிள் (சிக்னலுக்கு இரண்டு ஒயரும் தனி ஷீல்டும் உள்ளது) என்றால் சிக்னலை வாங்கும் முனையில் மட்டும் ஷீல்டை இணைக்காமல் விடலாம். அந்தக் கேபிளில் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அதை வேறு இடத்தில் சொருகிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டினாலும் ஹம் போகும். அதைச் செய்யவே செய்யாதீர்கள், "டெஸ்டுக்காக" என்றும் செய்யாதீர்கள். வெட்டிய பெட்டிக்குள் ஃபேஸ் உடலைத் தொட்டால் ஃபியூஸ் போகாமலும் எம்சிபி விழாமலும் இருக்கலாம். பழுதுக் கரண்ட் மெல்லிய ஆடியோ ஷீல்ட் வழியாக அடுத்த பெட்டியின் எர்த்தைத் தேடி ஓடும். அந்த ஷீல்ட் எரிந்து அறுந்த பின் மிச்சமுள்ள வழி கிட்டார் கம்பியும் நீங்களும். இந்தக் குறிப்பு முழுவதிலும் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இது.

கம்ப்யூட்டர் சேர்ந்த ரேக்கில் சந்தேகத்தை முதலில் யுஎஸ்பி மேல் வையுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் லூப் யுஎஸ்பி கேபிள் வழியாக வருகிறது. சார்ஜரை ரேக்கின் அதே விநியோகப் பெட்டிக்கு மாற்றுங்கள். போதவில்லையென்றால் யுஎஸ்பி ஐசொலேட்டர். ஆனால் மலிவானவை 12 மெகாபிட் வேகத்தோடு நிற்கும், பல இன்டர்ஃபேஸ்களுக்கு 480 மெகாபிட் வேண்டும். இரண்டு பின் சார்ஜர் உள்ள லேப்டாப்பின் உலோக உடலைத் தடவும்போது கையில் நுண்ணிய குறுகுறுப்பு தெரிவது சார்ஜரின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக வரும் கசிவு. மீட்டர் நூறு வோல்ட் அளவுகூடக் காட்டும், ஆனால் கரண்ட் மிகச் சொற்பம். ரேக்கோடு ஷீல்ட் வழியாக இணைந்ததும் அது அடங்கும்.

100 ஹெர்ட்ஸ் கரகரப்புக்குப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுங்கள். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பக்கத்திலும் கொண்டு போய்ப் பாருங்கள். ரேடியோ கத்தும் இடம்தான் ஆள். ஆறு எல்இடி பல்புகளில் ஒன்று மட்டும் குற்றவாளியாக இருப்பது அடிக்கடி நடப்பது.

ஸ்பீக்கரில் எதுவும் இல்லை, ஆனால் ஆம்புக்குள் டிரான்ஸ்பார்மரே உடலோடு உறுமுகிறது என்றால் வீட்டில் யாராவது ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். சில டிரையர்கள் ஒரு டயோடால் பாதி அலையை மட்டும் எடுக்கும். அது லைனில் சிறு டிசியை விட்டுவிடும், டொராய்டுக்கு அது ஆகாது.

பெடல்களும் அடாப்டர்களும்

ரேக்கின் டிராயரில் நாலு பெடல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைண்டிங் உள்ள ஐசொலேட்டட் சப்ளை வாங்குங்கள்: வூடூ லேப் பெடல் பவர், ஸ்ட்ரைமன் ஸூமா, சியாக்ஸ் டிசி7 போன்றவை. ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி போட்டால் பெடல்களுக்கு நடுவே மறுபடி வளையம், அதோடு டிஜிட்டல் விசிலும். வழக்கம் 9 வோல்ட் டிசி, நடு முனை நெகடிவ், 2.1 மி.மீ. துளை. அனலாக் ஓவர்டிரைவ் 20 மில்லி ஆம்புக்குள் முடியும். ஸ்ட்ரைமன் டைம்லைன், பிக்ஸ்கை ஒவ்வொன்றும் 300 கேட்கும். மில்லி ஆம்ப் கூடுதலாக உள்ள அவுட்புட்டில் போடலாம், குறைவாக உள்ளதில் போடக்கூடாது. பாசிட்டிவ் எர்த் கொண்ட பழைய ஜெர்மேனியம் ஃபஸ் சங்கிலியில் சேர்ந்தால் சப்ளையையே ஷார்ட் செய்துவிடும்.

9 வோல்ட் ஏசி கேட்கும் பெட்டிகளும் உண்டு. டிஜிடெக் வாமி 4, லைன் 6-இன் பழைய பச்சை டிஎல்4 அந்த ரகம். அவற்றின் அடாப்டர் வெறும் டிரான்ஸ்பார்மர். டிசி பெடலில் மாற்றிச் சொருகினால் பெடல் போய்விடும். ஒவ்வொரு அடாப்டர் முனையிலும் பெட்டியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். கனமான அடாப்டர்களை ரேக்கின் அடியில், ப்ரீஆம்பிலிருந்து தூரமாக வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் பெட்டி

பின்பக்கம் 100–240 என்று இருந்தால் கார்டை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், பெட்டியின் வாட்டைப் போல இரண்டு மடங்கு விஏ. கடையில் கிடைக்கும் பல கன்வெர்ட்டர்கள் எர்த்தை அந்தப் பக்கம் கடத்துவதே இல்லை. வாங்கும் முன் ஓம் மீட்டரால் இன்புட் எர்த் பின்னிலிருந்து அவுட்புட் எர்த் வரை பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், மேலே காற்றுக்கு இடம் விடுங்கள்.

வோல்டேஜ், இன்வெர்ட்டர்

100–240 சப்ளை உள்ள டிஜிட்டல் பெட்டிகளுக்கு வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை. பாதிக்கப்படுவது டியூப் ஆம்ப். ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். லைன் 200-க்கு இறங்கினால் அது 5.5, லைன் 253-க்கு ஏறினால் 6.9. இறங்கினால் ஒலி சோர்ந்துபோகும், ஏறினால் டியூபின் ஆயுள் குறையும். உங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கும் நள்ளிரவுக்கும் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். 215-க்கும் 245-க்கும் நடுவிலேயே இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டாம். வேண்டுமென்றால் சர்வோ வகை, 1 கேவிஏ, ரேக்கிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. ரிலே வகை ஒவ்வொரு படியிலும் "க்ளிக்" என்று ஸ்பீக்கரில் கேட்கும்.

எல்லா வீட்டிலும் வைக்க வேண்டியது ஓவர்–அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். டிபி பாக்ஸில் (மெயின் போர்டில்) எம்சிபி பக்கத்தில் உட்காரும். மேல் எல்லை 260, கீழ் எல்லை 180, திரும்ப இணைய 60 விநாடி தாமதம் என்று வையுங்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் உங்கள் ஃபேஸில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறும். அது சர்ஜ் இல்லை, நிமிடக் கணக்கில் நிற்கும். எம்ஓவி எரிந்து போகும். இந்த ப்ரொடெக்டர் மட்டும்தான் துண்டித்துக் காப்பாற்றும்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் மட்டும். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்பார்மர்கள் அலறும், சூடாகும். கரண்ட் வந்து பேட்டரி சார்ஜ் ஆகும் நேரத்தில் மட்டும் புதிதாக ஒரு இரைச்சல் வந்தால் அது சார்ஜரின் வேலை. மாடலர் (ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக உண்டாக்கும் பெட்டி), கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ் இவற்றுக்கு ஒரு சிறிய ஆன்லைன் யுபிஎஸ் போடலாம். டியூப் பவர் ஆம்பை அதில் சேர்க்க வேண்டாம்; அது பேட்டரியைக் குடித்துவிடும்.

ஆன், ஆஃப், இடி

ஆன் செய்யும்போது சிக்னல் ஓடும் திசை: ரிசீவர், ப்ரீஆம்ப், எஃபெக்ட்ஸ், கடைசியாகப் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ப்ராசசர் உயிர் பெறும் "தும்" ஸ்பீக்கர் கோனில் போய் அடிக்கும். கரண்ட் கட் ஆனவுடன் பவர் ஆம்ப் ஸ்விட்சைக் கையால் அணைத்துவிடுங்கள். திரும்பி வந்த பின் இரண்டு நிமிடம் பொறுத்து ஆன் செய்யுங்கள்.

கோடை இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் முதல் முழக்கம் கேட்டதும் சுவர்ப் ப்ளக்கைக் கையால் பிடுங்கி வையுங்கள். ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் பிரிக்கும். இன்டர்நெட் ரௌட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியிலும் வரும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரேக்கின் மெயின் ப்ளக்கை உருவி, மூன்று பின்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின்னில் பழுப்புக் கறையோ, சாக்கெட் துளையைச் சுற்றி மஞ்சள் வளையமோ இருந்தால் உள்ளே கான்டாக்ட் தளர்ந்து சூடாகிறது. சாக்கெட்டையும் ப்ளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பழையது புதியதையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.